செங்கம் ரோட்டில் சிவந்த தண்ணீர்

கொரோனா திருவண்ணாமலைக்கு வந்து சேர்வதற்குள் அதற்கு மருந்து வந்துவிட்டது! உலகமே விழி பிதுங்கிக் கிடக்க, செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் காலி செய்த ஒரு விடுதி வாசலில் வர்ணச் சித்தர் வந்து உட்கார்ந்துவிட்டார். ஒரு மீட்டர் தள்ளி நில்லுங்கள் என்று அரசாங்கம் சொல்லியிருந்தது. அங்கே ஒரு சாண் இடம்கூட இல்லை.

"நேயர்களே, அடிவாரம் வானொலிக்காக மெஹ்விஷ் பேசுறேன். சித்தர் ஐயா பக்தரோட கையைப் பிடிக்கிறாரு... மஞ்சத் தண்ணிக் கிண்ணத்துல முக்குறாரு... அட, தண்ணி செவக்குது! செவந்தா கொரோனா இருக்குதுன்னு அர்த்தமாம்!"

போன வாரம் வரை கோலப் போட்டிக்கு வர்ணனை சொன்ன பெண் அவள். பார்த்ததை அப்படியே சொன்னாள். அதைக் கேட்டு வேங்கிக்காலிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வந்தார்கள். சித்தர் மத பேதம் பார்க்காதவர். செருப்புக்கடை ஜானி பாஷாவும் சிவந்தார், வக்கீல் இராமலிங்கமும் சிவந்தார். பிறகு சித்தரின் தீர்த்தத்தை விலைக்கு வாங்கிக் கிண்ணத்தில் ஊற்றினால் தண்ணீர் மறுபடி மஞ்சள். கிருமி செத்துப்போச்சாம்! தீர்த்தத்தில் எலுமிச்சை வாசம் குப்பென்று அடித்தது. தெய்வீக மணம் என்றார் வக்கீல். சட்டம் படித்தவர் ஆயிற்றே!

ஆட்டோ ஓட்டும் காசிக்கு நாலு நாளாக ஜுரம், வறட்டு இருமல். அவனும் சிவந்தான், மஞ்சளானான். ஜுரம் மட்டும் இறங்கவில்லை.

"மூச்சு வாங்குதுய்யா உனக்கு. பெரியாஸ்பத்திரிக்குப் போலாம் வா" என்று கெஞ்சினாள் அவன் மனைவி ரேவதி.

"அதான் மஞ்சளாயிடுச்சு இல்ல? இன்னும் இன்னாடி? ரேடியோவுலயே சொல்லிட்டாங்க. வேணும்னா சாமிகிட்டயே இன்னொரு வாட்டி போலாம்."

போனார்கள். ரேவதி கல்யாண மண்டபத்தில் வேலை பார்ப்பவள். இந்தத் தடவை அவள் சித்தரின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். ஒவ்வொரு பக்தருக்கும் முன்னால் சித்தர் வெற்றிலைக்குக் கட்டைவிரலால் சுண்ணாம்பு தடவினார். அதே விரலால் பக்தரின் கையைப் பிடித்தார்.

"சாமி, நீங்க தொடாதீங்க. அவரே கையை உடட்டும்."

"நான் தொட்டாத்தாம்மா சக்தி எறங்கும்."

"கொரோனா அவர்கிட்டதானே இருக்குது? உங்க சக்தி எதுக்கு?"

கூட்டம் சிரித்தது. காசி தானே கையை முக்கினான். தண்ணீர் மஞ்சளாகவே கிடந்தது. ரேவதி சட்டென்று சித்தரின் கட்டைவிரலைப் பிடித்துக் கிண்ணத்தில் அழுத்தினாள். குங்குமச் சிவப்பு!

"ஐயையோ, சாமிக்கே கொரோனா!" என்று அலறிக்கொண்டு முதலில் ஓடியவர் வக்கீல்தான். அரசாங்கம் கேட்ட இடைவெளி ஒரு நொடியில் கிடைத்துவிட்டது.

"நில்லுங்க! இது ஆரத்திங்க! மஞ்சள்ல சுண்ணாம்பு பட்டா செவக்கும், எலுமிச்சை உட்டா பழையபடி ஆயிடும். உங்க வீட்டுல ஒரு விசேஷத்துக்கும் ஆரத்தி கரைச்சதே இல்லியா?"

மெஹ்விஷுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் மைக்கைக் கீழே வைக்கவில்லை. "நேயர்களே, நான் விசாரிக்காம சொன்னது தப்பு. மன்னிச்சிடுங்க. உங்க வீட்டு மஞ்சள்ல கொஞ்சம் சுண்ணாம்பு போட்டு நீங்களே பாருங்க."

பத்து நிமிடத்தில் ஊரிலுள்ள சமையலறையெல்லாம் சிவந்தது. சித்தர் காவி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்வாசல் வழியாகப் பறந்தார்.

காசி மட்டும் இருமிக்கொண்டே சிரித்தான். "அப்பாடா! செவப்பு பொய்யா? அப்போ எனக்கு ஒண்ணுமில்ல!"

ரேவதிக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "செவப்பு பொய்யின்னா அந்த மஞ்சளும் பொய்தான்யா! கெளம்பு!"

காசி கிளம்பினான். ஆம்புலன்சுக்குப் போன் போட்டவள் மெஹ்விஷ். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் ஆளே தேறியிருக்க மாட்டார் என்றார் டாக்டர்.

பதினோரு நாள் ஆக்சிஜனில் இருந்துவிட்டு வீடு திரும்பிய காசிக்கு ரேவதி வாசலில் ஆரத்தி எடுத்தாள். பார்க்க வந்திருந்த வக்கீல் இராமலிங்கம், சிவந்த தண்ணீரைக் கண்டதும் பயந்து இரண்டடி பின்னால் போனார். அவருக்காக அடுத்த சித்தர் எங்கேயோ வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கிறார். நீங்களாவது அவர் விரலைப் பாருங்கள், அய்யா!