ஏறிக்கொண்டே போன எண்

வாசல் சுவரில் இருந்த மின்பலகையில் நாற்பத்தொன்று என்று எரிந்தது. கட்டடக் கண்காணிப்பாளர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். அவர் முன்பு இருந்த பழைய கட்டடத்தில் மின்சாரச் செலவு இருபதைத் தாண்டினாலே மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

இதுவோ பல்கலைக்கழகத்தின் புது ஆராய்ச்சிக்கூடம். வரைந்து கட்டியவள் அவருடைய சொந்தத் தங்கை. அடடா, என்ன மூளை அவளுக்கு! ஏசி இல்லாமலே கூடமெல்லாம் சிலுசிலுவென்று காற்று. குளிர்ப்பெட்டிகள் கக்குகிற சூட்டிலேயே குழாய்த் தண்ணீர் காய்ந்துவிடும். கூரை முழுக்கச் சோலார். பதினோரு மணிக்கு அதிகாரி வந்து, சிக்கனமான கட்டடம்தான் என்று கையெழுத்துப் போட்டால் அடுத்த கட்டடமும் தங்கைக்கே.

"அண்ணா, நீ எதையும் தொடாம இருந்தாலே போதும்" என்று காலையில் போனில் சொல்லியிருந்தாள்.

கூடப்பிறந்தவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியுமா? நடைவழி விளக்குகளை அணைத்துவிட்டு வந்து பார்த்தார். நாற்பத்து நான்கு.

"இதென்னடா கூத்து!"

ஓடிப்போய் ஓய்வறைக் காபி மெஷினைப் பிடுங்கினார். நாற்பத்தாறு. எதுவோ திருட்டுத்தனமாக மின்சாரத்தைத் தின்கிறது என்று முடிவு கட்டி, மாடிக்குப் பாய்ந்தார். அங்கே ஆராய்ச்சி மாணவி ஒருத்தி, புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏதோ காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"எல்லாப் பெட்டியையும் நிறுத்தணும்மா!"

"சார், ஆசிட் கொதிக்குது!"

"ஒரு மணி நேரம் கொதிக்காம இருக்கட்டும். என் தங்கச்சி பொழப்பும்மா!"

"இதைக் கட்டினது உங்க தங்கச்சியா? கண்ணு எரியாம நான் வேலை பார்க்கிறதே இங்கதான் சார். அவங்களுக்காக நிறுத்தறேன்."

அவள் அடுப்பை அணைத்து, புகை அடங்கும்வரை காத்திருந்து, பக்கத்து அறைகளுக்கும் போய்ச் சொல்லிப் பெட்டிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினாள். நல்ல பிள்ளை. அவர் நெகிழ்ந்துபோய்க் கீழே இறங்கினார். அறுபத்து மூன்று.

"ஐயோ, குடி முழுகிப்போச்சு!"

மிச்சம் இருந்தது லிஃப்ட்தான். கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைத் தட்டினார். எழுபது. அதோடு லிஃப்டுக்குள்ளிருந்து ஒரு குரல்: "யாராவது இருக்கீங்களா? நான் தணிக்கைக்கு வந்த அதிகாரி!"

எலெக்ட்ரீஷியன் ஓடிவந்து கதவை நெம்பித் திறப்பதற்குள் கண்காணிப்பாளருக்கு உயிர் போய் உயிர் வந்தது. வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்த அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் முட்டியது.

"சார், தப்பு என் மேல. அவளோட கட்டடம் தங்கம் சார். நானும் எல்லாத்தையும் அணைச்சுப் பார்த்துட்டேன், அந்த நம்பர் குறைய மாட்டேங்குது."

எலெக்ட்ரீஷியன் பலகையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எதுக்கு சார் குறையணும்? நம்ம செலவு போக மிஞ்சின கரண்டை ஊருக்குக் குடுக்கிறோமே, அந்தக் கணக்கு சார் அது!"