போ சார்!

மொன்ட்ரியால்-நோர்,
வியாழக்கிழமை.

அன்பின் மச்சான் இரவிச்சந்திரனுக்கு,

உம்முடைய வீட்டில் எல்லோரும் சுகமாயிருக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நாங்கள் சுகம். கார் அதைவிடச் சுகம். உம்முடைய அக்கா ஜெகதீஸ்வரியின் பேச்சைக் கேட்டு, தீபாவளிக்கு ஸ்காபரோவிலிருந்து அதை வாங்க ஆள் கூட்டிக்கொண்டு வருகிறீராம். வாரும், சாப்பிடும், திரும்பிப் போம். கார் விற்பனைக்கு இல்லை.

அக்கா ஒரு பக்கக் கதையைத்தான் சொல்லியிருப்பாள். அது கீழ் வீட்டு மிசியே கிளோட் இளந்தாரி வயதில் வாங்கிய எட்டு சிலிண்டர் மசில் கார், முடுக்கினால் தெருவே அதிரும். முழங்கால் போன பிறகு, உள்ளே குந்தினால் அவரை வெளியே இழுக்க இரண்டு பேர் வேண்டும், அதனால் எனக்கு விற்றார். கோயிலுக்குக் கொண்டுபோய் நாலு சில்லுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தேன், ஐயர் விலக முன்னமே எஞ்சினை முடுக்கிக் காரை ஏற்றிவிட்டேன், மந்திரம் ஒருவருக்கும் கேட்கவில்லை, பழச்சாறு முழுக்க ஐயருடைய வேட்டியில். பேத்தியைக் கூட்டிவர கார்டெரிக்கு, அதுதான் பிள்ளைகள் காப்பகத்துக்குப் போனேன், நித்திரையில் கிடந்த பிள்ளைகள் அத்தனையும் எழும்பி ஒரே குரலில் அழ, ரீச்சர் என்னை இனி நடந்து வரச் சொன்னா. பிறகு அந்தச் சிவப்பு லைட். பக்கத்துக் காரில் இருந்தவன் கண்ணாடியை இறக்கி, பெருவிரலைக் காட்டி, "போ சார்!" என்றான். வெள்ளைக்காரன் தமிழ் கதைக்கிறானே, 'போ' என்பதில் குறைந்த மரியாதையை 'சார்' போட்டுச் சரிக்கட்டுகிறானே என்று மனம் குளிர்ந்து, சொன்னபடியே போனேன். லைட் இன்னும் சிவப்பு. பின்னால் நின்றது பொலிஸ்.

மகன் ஆரூரன் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் ஓட்டுவது கரண்ட் கார், வருகிறதா நிற்கிறதா என்று பூனைக்கும் தெரியாது. "அப்பா, பிரெஞ்சில போ எண்டால் வடிவு, ஷார் எண்டால் இஞ்ச கார். வடிவான கார் எண்டு சொல்லியிருக்கிறான். உங்களை இல்லை, காரை! வித்துப்போட்டு மெட்ரோவில போங்கோ."

உண்மையைச் சொன்னால் மச்சான், அது எனக்குச் சுட்டது. டவுன்டவுன் குசினிகளில் காலமெல்லாம் கோப்பை கழுவி மெட்ரோவில் வீடு வந்தவன் நான். ஒரு சனம் என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது சந்திக்குச் சந்தி கை காட்டுகிறார்கள். காரைத்தான் சொல்லட்டும், உள்ளே இருப்பது நான்தானே? ஆகவே விற்கமாட்டேன். சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டியிருக்கிறேன். என் உயிர் உள்ளவரை இன்னொருவன் அதைத் தொடமுடியாது. அக்காவுக்கும் இதை விளங்கப்படுத்தும்.

உம்முடைய பிள்ளைகள் நல்லாயிருக்க வேண்டும், சத்தமான கார் வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
அசையாத அத்தான்
கணேசலிங்கம்

பி.கு.: உறையை ஒட்டப்போகையில் ஆரூரன் வந்தான். அவனுடைய கார் சார்ஜ் இறங்கிப் படுத்துவிட்டதாம், கடை மட்டும் போய்வரச் சாவி கேட்டான். பெற்ற மனம், அவிழ்த்துக் கொடுத்தேன். பின்னேரம்தான் வந்தான், முகமெல்லாம் பல்.

"அப்பா, லைட்டில ஒரு மனிசி எனக்கு 'போ ஷார்' எண்டு சொன்னவ."

"காரைத்தானே?" என்றேன்.

"இல்லையப்பா. என்னைப் பார்த்துத்தான் சொன்னவ."

சாவி இன்னும் அவனிடம்தான். தீபாவளிக்குக் கட்டாயம் வாரும். வாங்குகிற ஆள் வேண்டாம், உம்முடைய காரைக் கொண்டுவாரும். எனக்குக் கோயிலுக்குப் போகவேண்டும்.