லிஃப்ட்டை இப்போதைக்குத் தொடாதே

மேரு சாலைப் பக்கம்,
கிள்ளான்.
திங்கட்கிழமை.

என் அக்காள் பெற்ற செல்வமும், பிரிக்ஃபீல்ட்ஸில் லிஃப்ட் கம்பெனி சூப்பர்வைசருமாகிய மருமகன் திருச்செல்வத்துக்கு, உன் தாய்மாமன் தம்புசாமி ஆசி கூறி எழுதுவிப்பது. நான் சுகம், என் முட்டி சுகமில்லை. அக்காளும் உன் மனைவி மக்களும் சுகமென்றே நம்புகிறேன். இல்லாவிட்டால் இதற்குள் போன் வந்திருக்கும். எனக்கு எழுத்துத் தெரியாதது நீ அறிந்ததே. நான் சொல்லச் சொல்ல ஏழாம் மாடி கபிரியேல் எழுதுகிறார். ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். நான் "வந்துச்சு" என்றால் அவர் "வந்தது" என்று எழுதுகிறார். ஆகவே மரியாதை அவருடையது, விஷயம் என்னுடையது.

விஷயம் இதுதான். எங்கள் அடுக்குமாடி ப்ளோக்கின் லிஃப்ட்டை வியாழக்கிழமை வந்து சரிசெய்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறாய். தயவுசெய்து வராதே. மூன்று வாரம் கழித்து வா. பார்ட்ஸ் ஜெர்மனியிலிருந்து வருகிறது, கப்பலுக்குக் காய்ச்சல், ஏதாவது சொல்லிக்கொள். மூன்று மாதமாக லிஃப்ட் லிஃப்ட் என்று என் உயிரை எடுத்த கிழவனுக்கு என்ன வந்தது என்று உன் அம்மாவிடம் கேட்பாய். கேட்காதே. நானே சொல்கிறேன்.

லிஃப்ட் நின்றது தைப்பூசத்துக்கு மறுநாள் காலை ஏழு மணி பத்து நிமிஷத்துக்கு. அதற்குள் ஆள் யாரும் இல்லை, ஒரு சைக்கிள் மட்டும் இருந்தது, இன்னும் இருக்கிறது. அன்று நான், கபிரியேல், அவர் வீட்டம்மா பெர்னடெட், பதின்மூன்றாம் மாடி மாரியாயி ஆகிய நாலு பேரும் ஒன்றாகப் படியேறினோம். மாரியாயி கையில் பாசாரில் வாங்கிய இரண்டு கிலோ கெம்போங் மீன், ஐஸோடு. இந்த மாரியாயியை உனக்குத் தெரியாது. மேருவில் கையுறை ஃபேக்டரியில் முப்பத்தொரு வருஷம் பெட்டி கட்டியவள். மிஷின் சத்தத்தில் பேசி என்ன பயன் என்று பேச்சையே விட்டுவிட்டவள். புருஷன் தவறியபோது துக்கம் விசாரிக்கப் போய் எப்போது என்று கேட்ட என்னிடம் "காலையில" என்றாள். அது பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஒரு புதன்கிழமை. அதற்குப் பிறகு அவள் என்னிடம் சொன்னதெல்லாம் கூட்டினால் பத்து வார்த்தை தேறாது.

மாடிக்குப் பதினாறு படி. ஆறாம் மாடியில் எல்லோருக்கும் மூச்சு நின்றுபோய், படி திரும்புகிற இடத்தில் உட்கார்ந்துவிட்டோம். சும்மா இருக்க முடியாமல் பெர்னடெட், "நேத்து பத்துமலைக்குப் போனீங்களே மாரியாயி, எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"கூட்டம்" என்றாள் மாரியாயி. கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "ஒரு பொம்பளைக்குப் பால்குடம் மாறிப்போச்சு. மாறி வந்த குடத்துத் துணியில யாரு வீட்டுச் சாவியோ முடிஞ்சிருந்துச்சு" என்றாள். அவ்வளவுதான். மீன் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

ஆறாம் மாடியில் மக்சிக் ரோஸ்னா என்று ஒரு மலாய்க்கார அம்மா இருக்கிறாள். தமிழர்களோடு வேலை செய்து செய்து நம்மைவிட வேகமாகத் தமிழ் பேசுவாள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டவள் வெளியே வந்துவிட்டாள். "ஹாபிஸ்? இத்து சாஜா? அவ்வளவுதானா? அந்தச் சாவிக்காரி வீட்டுக்குள்ள எப்படிப் போனா? அதச் சொல்லாம நீ மேல போனா எனக்கு எப்படி லா சோறு எறங்கும்?"

மாரியாயி அப்படியே நின்றாள். அவளிடம் யாரும் இரண்டாவது கேள்வி கேட்டதே இல்லை என்று நினைக்கிறேன். "தெரியாதே" என்றாள். மறுபடி ஏறத் தொடங்கினாள். எட்டாம் மாடியில் நின்று, திரும்பி, "அந்தப் பொம்பள சாவிய எடுத்துக்கிட்டு, யாரு வீடுன்னு தேடிப் போனா" என்றாள். ஏழாம் மாடிக்காரர்களான கபிரியேலும் பெர்னடெட்டும் தங்கள் வீட்டைத் தாண்டி எட்டுக்கு வந்துவிட்டதை அப்போதுதான் பார்த்தார்கள். மீன் ஐஸ் கரைந்து படியெல்லாம் ஒழுகி, பூனைகள் ஒன்பது பின்னால் வந்ததையும் அப்போதுதான் பார்த்தோம்.

மருமகனே, அன்று ஆரம்பித்தது. மறுநாள் சாயங்காலம் மாரியாயி கீழே இறங்கி ஒரே ஒரு எலுமிச்சம்பழம் வாங்கினாள். அதற்கு மறுநாளும் ஒரு எலுமிச்சம்பழம். வீட்டில் ஊறுகாய் போடுகிறாளோ என்று நினைத்தோம். படியேற ஒரு சாக்கு வேண்டியிருந்திருக்கிறது. ஒரு மாடியில் நாங்கள் கேள்வி கேட்போம், அடுத்த மாடிக்குள் அவள் பதிலோடு வந்து சேர வேண்டும். கபிரியேல் கிளார்க் அல்லவா, பெயர், விலாசம், அடையாள அட்டை ஐசி நம்பர் எல்லாம் கேட்டார். சாவியோடு அலைகிறவள் பெயர் செங்கமலம் என்று ஆனது, முதலில் தேடிப் போனது அம்பாங்கில் ஒரு வீடு என்று ஆனது, ஐசி நம்பர் மட்டும் நிலுவை. மக்சிக், "இவ்வளவு தூரம் அலையுறாளே, ஒருத்தியாச்சும் தே குடுத்தாளா?" என்று கேட்டாள். மறுநாள் கதையில் ஒரு மலாய் வீட்டில் செங்கமலத்துக்குத் தேநீர் கொடுத்து, பலகாரம் கொடுத்து, இரண்டு மாடி வரைக்கும் எழுந்திருக்க விடவில்லை. பெர்னடெட் தன் அம்மா இருந்த ரயில்வே குவாட்டர்ஸில், மழை வந்தால் கதவு ஊதிக்கொண்டு சரியான சாவிக்கும் திறக்காது என்று சொல்லியிருந்தாள். அந்தக் கதவும் வந்துவிட்டது, உள்ளேயிருந்து அவள் அம்மா திட்டுவதும் வந்துவிட்டது. பெர்னடெட் சிரித்தாள், அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் என் பங்குக்கு, ரோட்டு வேலையில் இருந்தபோது தார் காயுமுன்னே நடந்த ஒருத்தியின் செருப்பு ஒட்டிக்கொண்ட சம்பவத்தைக் கொடுத்தேன். நான் அரை மாடியில் சொல்லி முடித்ததை அவள் மூன்று மாடிக்கு இழுத்தாள். அது நடந்தபோது நான் அங்கே இருந்தவன், திருச்செல்வம். ஆனாலும் செருப்பு வருமா வராதா என்று எனக்கே தெரியாமல் போயிற்று.

நான் எத்தனையோ பேர் கதை சொல்லிக் கேட்டவன். கோயில் திருவிழாவில் மைக் வைத்துச் சொன்னவர்கள், சாவு வீட்டில் விடிய விடியச் சொன்னவர்கள் எல்லோரையும் கேட்டிருக்கிறேன். அவர்கள் நம்மைப் பார்த்துச் சொல்வார்கள், நம் முகத்தைப் படிக்க மாட்டார்கள். இவள் படிக்கிறாள். பெர்னடெட்டின் கை நெஞ்சுக்குப் போனால் குரலை இறக்குவாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தால் கதைக்குள் யாராவது மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்துவிடுவார்கள். கதவு திறக்கப் போகிற நேரத்தில் சரியாக அடுத்த மாடி வந்துவிடும். ஒரு வார்த்தைக்குக் கணக்குப் பார்த்தவளுக்கு இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கபிரியேலைக் கேட்டேன். "நம்மகிட்டயிருந்துதான், வேற எங்கேயிருந்து?" என்றார். மனிதர் பேனாவை வைத்துவிட்டுச் சொன்னார்.

இதனால் நேர்ந்த சேதங்களையும் மறைக்காமல் சொல்கிறேன். சமையல் கேஸ் தோங் கொண்டுவருகிறவன் கதை கேட்டுக்கொண்டே ஏறி, எட்டாம் மாடிக்குக் கொடுக்க வேண்டியதைப் பன்னிரண்டில் வைத்துவிட்டுப் போனான். எட்டாம் மாடியில் அன்று அடுப்பெரியாமல் கடை ரொட்டி. பதினோராம் மாடிக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்த கிஷனும் ஷாமினியும் ஒரு பெரிய சோபா வாங்கினார்கள். லோரிக்காரர்கள் அதை ஆறாம் மாடி வரை தூக்கிவந்து, மூச்சு வாங்க இறக்கி வைத்து, செங்கமலம் கிள்ளான் பாலத்தைத் தாண்டுகிற கட்டத்தில் மாட்டிக்கொண்டு, நேரமாகிவிட்டது என்று சோபாவை விட்டுவிட்டே ஓடிவிட்டார்கள். நாங்கள் என்ன செய்ய, உட்கார்ந்தோம். ஷாமினி டீச்சர் வேலை பார்க்கிற பெண். இடுப்பில் கை வைத்து, "அங்கிள், அது என் சோபா! இன்னும் ப்ளாஸ்டிக் கூட பிரிக்கல!" என்று சத்தம் போட வந்தாள். மாரியாயி நிறுத்தவில்லை. ஷாமினி முதலில் கைப்பிடியில் உட்கார்ந்தாள், பிறகு நடுவில். ஒன்பது நாள் கழித்து கிஷன் சோபாவை மேலே தூக்கலாம் என்றபோது, "பேசாம இருங்க, அங்க போனா யார் உக்காருவா?" என்றாள். குடியிருப்பாளர் சங்கத் தலைவர் இராமலிங்கம் படியை அடைக்கக்கூடாது என்று நோட்டீஸ் கொடுக்க ஏறி வந்தார். அவருக்கும் ஆறாம் மாடியில்தான் மூச்சு முட்டும். நோட்டீஸால் விசிறிக்கொண்டே உட்கார்ந்தார். போகும்போது, "அப்ப சாவி தன்னோடதுன்னு சொன்ன அந்த அம்பாங் வீட்டுக்காரன் பொய் சொல்றானா பாஸ்?" என்று என்னைக் கேட்டார். நோட்டீஸ் சோபாவுக்குப் பின்னால் கிடக்கிறது.

இப்போது தலை போகிற விஷயத்துக்கு வருகிறேன். ஷாமினி தன் டீச்சர் நண்பர்களிடம் சொல்லி, அடுத்த மாதம் பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபம் ஒன்றில் நடக்கிற கதை சொல்லும் நிகழ்ச்சியில் மாரியாயிக்கு அரை மணி நேரம் வாங்கிவிட்டாள். கண்ணாடி முன்னால் நின்று பழகுங்கள் என்றும் சொல்லிவிட்டாள். போன சனிக்கிழமை மத்தியானம் நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு பதின்மூன்றுக்கு ஏறினேன். இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம் மாரியாயியின் குரல்: "ஒரு பொம்பளைக்குப் பால்குடம் மாறிப்போச்சு. சாவி இருந்துச்சு." அப்புறம் சத்தமில்லை. மறுபடி, "பால்குடம் மாறிப்போச்சு. சாவி இருந்துச்சு." நாலு தடவை. மூன்று மாதமாக வளர்ந்தது அத்தனையும் போய், பழைய இரண்டு வரிக்கு வந்து நின்றது. எனக்குத் தாங்கவில்லை. வெளியே இருந்தபடியே, "அப்புறம்?" என்றேன். அவ்வளவுதான், கதை கிளம்பிவிட்டது. நாற்பது நிமிஷம். எனக்குக் கதவு திறக்கவே மறந்துவிட்டாள், நானும் கேட்க மறந்துவிட்டேன்.

முடிந்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அண்ணே, இதுக்கு முடிவு இன்னும் எனக்குத் தெரியல. அங்க யாரு அப்புறம்னு கேப்பா? எல்லாம் சேர்ல உக்காந்து கை தட்டுவாங்க. நான் வரலன்னு அந்தப் பிள்ளைகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

நான் சொல்லவில்லை. நாங்கள் எல்லோரும் மண்டபத்துக்கு வந்து அப்புறம் கேட்கிறோம் என்று வாக்குக் கொடுத்தேன். ஆனால் முடிவைப் படியில்தான் கண்டுபிடிக்க வேண்டும், மருமகனே. நீ வியாழக்கிழமை லிஃப்ட்டை ஓட்டிவிட்டால் எல்லோரும் பெட்டிக்குள் நின்று, கதவுக்கு மேலே ஓடுகிற நம்பரைப் பார்த்துக்கொண்டு, வீடு வந்ததும் இறங்கிப் போய்விடுவார்கள். மாரியாயி மறுபடி "காலையில" என்று சொல்லும் பெண்ணாகிவிடுவாள். ஆகவே மூன்று வாரம். உன் தாய்மாமன் உன்னிடம் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. லிஃப்ட்டைத் தவிர. இப்போது அதையும் கேட்கவில்லை.

உன் கைக்கு அடிபடாமல், உன் வேலைக்குக் குறை வராமல், உன் பிள்ளைகள் ஏற வேண்டிய இடத்தில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தில் பத்திரமாக இறங்கி, நூறு வயது வாழட்டும். அக்காளுக்கு என் வணக்கம். இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டாதே.

இப்படிக்கு, கபிரியேல் கையெழுத்தில்,
உன் மாமன் தம்புசாமி.

பின்குறிப்பு, செவ்வாய்க்கிழமை: மேலே உள்ள அனைத்தையும் இல்லையென்று வைத்துக்கொள். கிழித்துவிட்டு வேறு எழுதச் சொன்னேன். ஐந்து பக்கம் எழுதிய கை வலிக்கிறது என்கிறார் கபிரியேல். நேற்று சாயங்காலம் அவர் கடிதத்தை ஆறாம் மாடி சோபாவில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்டினார். "மூன்று வாரம்" என்ற இடம் வந்ததும் மேலேயிருந்து, படிச்சுவருக்கு நடுவே, ஒரு குரல் விழுந்தது. "டேய் தம்புசாமி! மூணு வாரமா? நல்லா இருக்குடா உங்க கத!" பத்தாம் மாடி கார்த்திகேசு. பஸ் ஓட்டியவர், தீபாவளிக்கு முன்னால் சர்க்கரை வியாதியில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். சக்கர நாற்காலியில் இருக்கிறார். மூன்று மாதமாக ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஆள் வைத்துத் தூக்கிப் போகிறார்கள். மற்ற நாளெல்லாம் வாசலில் உட்கார்ந்து, படி வழியாக வருகிற கதையைப் பாதி பாதியாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சனிக்கிழமை நான் அவர் வாசலைத் தாண்டித்தான் பதின்மூன்றுக்கு ஏறினேன். இறங்கும்போதும் தாண்டினேன். இதை எழுதும் என்று கபிரியேலிடம் நானேதான் சொன்னேன்.

அவர் விடவில்லை. "எல்லாரும் சாவிய வச்சிருக்கிறவ பின்னாலேயே ஓடுறீங்களே, சாவியத் தொலைச்சவ இத்தன நாளு எங்கடா படுத்தா? அத ஒருத்தனாச்சும் கேட்டீங்களா?" என்றார்.

எங்களோடு சோபாவில் இருந்த மாரியாயி எழுந்தாள். எங்கேயும் நிற்காமல் நாலு மாடி ஏறி, கார்த்திகேசு வாசலில் தரையில் உட்கார்ந்து, பால்குடத்திலிருந்து ஆரம்பித்தாள். நாங்கள் படி முழுக்க நின்று கேட்டோம். செங்கமலம் கடைசியில் சரியான கதவுக்கு வந்து சேர்ந்தபோது, சாவியைத் தொலைத்தவள் எதிர்வீட்டில் மாவு அரைத்துக்கொண்டிருந்தாளாம். ஒரு வீட்டில் குளியல், ஒரு வீட்டில் சாப்பாடு, ஒரு வீட்டில் படுக்கை என்று இத்தனை நாளும் ஓடிவிட்டதாம். "சாவி கெடச்சுருச்சா? அந்தப் பக்கம் வை, இந்த மாவு முடியட்டும்" என்றாளாம். கார்த்திகேசு நாற்காலிக் கைப்பிடியைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அவர் மனைவி உள்ளேயிருந்து ஓடி வந்து, மூன்று மாதமாயிற்று இவர் இப்படிச் சிரித்து என்றாள்.

மாரியாயி என்னைப் பார்த்து, "அண்ணே, இவரு முன்வரிசையில இல்லாம நான் பிரிக்ஃபீல்ட்ஸ் வரமாட்டேன்" என்றுவிட்டாள். ஆகவே வியாழன் வரை காத்திராமல் புதனே வா. காலையிலேயே வா. கடிதத்தைக் கிஷன் இன்று இரவே உன் கையில் கொண்டுவந்து தருவான். இன்னொன்று: பத்தாம் மாடியிலிருந்து கீழே இறங்க லிஃப்ட்டுக்கு எத்தனை நொடி ஆகும் என்று மாரியாயி கேட்கச் சொல்கிறாள். அதற்குள் முடிகிற மாதிரி ஒரு கதை வைத்திருக்கிறாளாம். நீ சரிசெய்யும்போது கொஞ்சம் மெதுவாக ஓடுகிற மாதிரி செய்ய முடியுமா, பார்.