வால் தாழ்ந்த விமானம்

மச்சினன் வரவேண்டாம் என்று மனைவியிடம் வாய்திறந்து சொல்லும் தைரியம் லாரி எடைமேடைக்காரருக்கு இல்லை. அதனால் அவர் விமானம் கட்டினார்.

சின்ன விமானம் இல்லை. இந்த இறக்கை நுனியிலிருந்து அந்த இறக்கை நுனிவரை ஏழடி. அத்தனையும் தெர்மாகோல். ரிமோட்டில் பறப்பது. வீட்டிலிருந்த ஒரே உபரி அறையோ எட்டடிக்கு ஒன்பதடி. கட்டிலைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்து, நடுவில் இரண்டு ஸ்டூல் போட்டு, அதன்மேல் விமானத்தை நிறுத்தியபின், ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கலாம். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டால். இதில் பெட்டியும் கையுமாக வரும் மச்சினன் எங்கே படுப்பான்?

மச்சினன் கெட்டவன் இல்லை. அதுதான் சங்கடம். கெட்டவனாக இருந்தால் ஒரே சண்டையில் முடித்துவிடலாம். இவன் உதவுகிறவன். நாலு வருஷத்துக்கு முன் வந்தபோது, நன்றாக ஓடிய ஃபேனை இன்னும் நன்றாக ஓடவைத்தான். அன்றிலிருந்து அது காற்றை மேலே அனுப்புகிறது. சட்டைப் பொத்தானைக்கூடக் கீழிருந்து போட ஆரம்பிக்கச் சொல்லி மாமாவுக்கு யோசனை சொன்னவன். இப்போது பத்து நாள் பயிற்சிக்கு வருகிறானாம்.

"என்னங்க, தம்பி வரான். இதை எப்ப எடுப்பீங்க?"

"பேலன்ஸ் வரட்டும்மா. வராம இதை அசைக்கவே கூடாது."

"பேலன்ஸ்னா?"

மனைவி சந்தேகம் கேட்டதும் அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இறக்கையின் அடியில் பேனாவால் வைத்திருந்த இரண்டு புள்ளிகளைக் காட்டினார்.

"இந்தப் புள்ளியில ஒரு விரல், அந்தப் புள்ளியில ஒரு விரல். அவ்வளவுதான். தூக்கினா மட்டமா நிக்கணும். நின்னாதான் பறக்கும்."

தூக்கினார். வால் பொத்தென்று இறங்கியது.

"வால் கனம் போலிருக்கே."

"ஆமாம்மா. என்ன பண்றது, பாப்போம்."

"மூக்குல கொஞ்சம் எடை வச்சா?"

"மொத்த எடை கூடிடும். மேல ஏறாது. உனக்கு இதெல்லாம் புரியாது, விடு."

வால் கனமாகத்தான் இருக்கும். அவரே பிளேடால் வாலைக் கீறி, உள்ளே ஆறு இரும்பு நட்டுகளைத் திணித்து, மேலே வெள்ளை டேப் ஒட்டியிருந்தார். இருபது வருஷமாக லாரிகளை எடைபோடுகிறவர். சரக்குக்கு நடுவே கல்லை ஒளித்தவன், எடைபோடும்போது மேடையில் நைசாகக் காலை வைத்தவன் எல்லாரையும் கையும் களவுமாகப் பிடித்தவர். பிடித்த கதையைத் தினமும் சாப்பாட்டு வேளையில் மனைவிக்கு விளக்கமாகச் சொல்கிறவர். தன் கண்ணில் மண்ணைத் தூவ இனிமேல்தான் ஒருவன் பிறந்து வரவேண்டும் என்பது அவருடைய கட்சி.

தினம் காலையில் தூக்குவார். வால் இறங்கும். "த்சொ" என்பார். காப்பி டம்ளரோடு நிற்கும் அவளும் "த்சொ" என்பாள். அவள் முகத்தில் மருந்துக்கும் கோபம் இல்லை. அதையும் தன் வெற்றிக் கணக்கிலேயே அவர் சேர்த்துக்கொண்டார்.

மச்சினன் வந்தான். அறைக்கதவைத் திறந்தான். கையிலிருந்த பெட்டி நழுவி விழுந்தது.

"மாமா! இவ்வளவு பெரிய வேலையை ஒத்தையாளா செஞ்சிருக்கீங்களே!"

"அதான் மாப்ளே, படுக்கத்தான் இடமில்ல. பக்கத்துத் தெருவுல நல்ல லாட்ஜ் ஒண்ணு..."

"லாட்ஜா? இறக்கைக்கு அடியிலேயே பாய் போட்டுக்கறேன். கொசுவலையே வேண்டாம்." அதற்குள் அவன் குனிந்து வாலைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். "பேலன்ஸ் வரலையாமே? அக்கா தினம் போன்ல சொல்லுவா. கவலையை விடுங்க மாமா. பயிற்சி முடிஞ்சாலும் லீவு போட்டுடறேன். இது மட்டமா நிக்காம நான் இந்த வீட்டைவிட்டுக் கிளம்பமாட்டேன்."

எடைமேடைக்காரர் குனிந்து, கீழே விழுந்த பெட்டியை எடுத்து ஓரமாக வைத்தார்.

மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். அந்த மூன்று நாளில் சவரம் செய்வது எப்படி, செருப்பு மாட்டுவது எப்படி, லாரியை எடைபோடுவது எப்படி என்றெல்லாம் கற்றுக்கொண்டார். நாலாம் நாள் காலை மச்சினன் குளிக்கப் போனான். தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் இவர் பிளேடோடு பாய்ந்தார். டேப்பைக் கிழித்தார். நட்டுகளை எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று... ஆறும் சட்டைப்பைக்குள் போயின. மேலே புது டேப். தூக்கிப் பார்க்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. எடையில் அவருக்கா சந்தேகம்?

"எல்லாரும் வாங்க! பேலன்ஸ் வந்துடுச்சு!"

தலையில் துண்டோடு மச்சினன் ஓடிவந்தான். மனைவி கதவோரம் வந்து நின்றாள். இரண்டு விரல். இரண்டு புள்ளி. தூக்கினார்.

வால் பொத்தென்று இறங்கியது.

"அதனாலென்ன மாமா," என்று மச்சினன் அவர் தோளைத் தட்டினான். "இப்பவே ஆபீசுக்கு போன் போட்டு லீவு சொல்லிடறேன்."

மனைவி அடுப்படிக்குத் திரும்பினாள். இவரும் பின்னாலேயே போனார்.

"நட்டு ஆறும் வெளிய வந்துடுச்சா?" என்றாள் மனைவி, திரும்பாமலே.

"உனக்கு... அது எப்படி..."

"எதை எங்கெங்க ஒளிப்பாங்கன்னு இருபது வருஷமா எனக்குச் சொல்லிக்குடுத்தது யாரு?"

"சரி, நான்தான் வச்சேன், நான்தான் எடுத்தேன். அப்புறமும் ஏன் இறங்குது?"

"நான் வச்சது உள்ளதானே இருக்கு." அவள் இப்போதுதான் திரும்பினாள். "நாலு வருஷம் கழிச்சு வந்திருக்கான். கூடப்பொறந்தவன் ஒருத்தன்தான். பத்து நாள் எனக்குப் போதாதுங்க."

அவருக்கும் மனசு இளகத்தான் செய்தது. ஆனால் பாத்ரூம் பக்கமிருந்து, குழாயைத் திறக்கச் சரியான முறை எது என்று இவருக்கு உரக்கச் சொல்லும் மச்சினன் குரல் கேட்டது. ஏழடித் தெர்மாகோலை நினைத்துப் பார்த்தார். எந்த இடத்தில் என்று கிழிப்பது?

"நீ எங்க வச்சிருக்கேன்னு மட்டும் சொல்லிடும்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"சொல்றேங்க. அவன் ஊருக்குக் கிளம்பற அன்னிக்கு."