வெயிலைப் பிடித்து வைத்த மேஸ்திரி

ரேணிகுண்டாவின் மே மாத வெயிலை விருந்தாளியைப்போல வரவேற்ற ஒரே மனிதர் எங்கள் வெயில் மேஸ்திரிதான். ஊரே நிழலுக்கு ஓடும்போது அவர் மட்டும் மொட்டை மாடிக்கு ஓடுவார். மேகம் ஒன்று குறுக்கே வந்துவிட்டால், கடன்காரனைப் பார்த்ததுபோல அவர் முகம் சுருங்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் ஆந்திராவில் தமிழ் பேசும் புத்தூர்ப் பக்கத்துக்காரன். ரேணிகுண்டாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். கமலம்மா என்பவரின் வீட்டு மாடியில் எனக்கு ஓர் அறை. கீழே ஒரு பக்கம் கமலம்மாவின் எஸ்.டி.டி. பூத். மறு பக்கம் மேஸ்திரியின் லாரி பேட்டரி ரிப்பேர் கடை. பேட்டரி ஆசிட் தெறித்துத் தெறித்து, அவர் சட்டையில் துணியைவிட ஓட்டைதான் அதிகம். ஒரு கல்யாணத்துக்கு அதே சட்டையோடு வந்து முதல் பந்தியில் உட்கார்ந்தார். அவருக்குக் கூச்சமே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்த எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

சென்னையில் ஒரு பழைய சாமான் கடையிலிருந்து, ஜன்னல் கதவு அளவில் ஒரு சோலார் பலகையை அவர் வாங்கி வந்த நாளில்தான் எங்கள் வீட்டின் நிம்மதி போனது. அதை மொட்டை மாடியில் நிறுத்தி, கடையிலிருந்த இரண்டு பழைய லாரி பேட்டரிகளுக்கு ஒயர் இழுத்தார். அன்றிலிருந்து மாடியில் யாரும் துணி உலர்த்த முடியவில்லை. ஒருநாள் கமலம்மா கொடியில் புடவையைப் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் மேஸ்திரி மூச்சிரைக்க மேலே வந்தார்.

“அம்மா, உங்க பொடவ நெழலு என் பேட்டரிய துன்னுது.”

கமலம்மா அசரவில்லை. வீடு தன்னுடையது, கொடி தன்னுடையது, வெயிலும் தன் மாடியில்தான் விழுகிறது என்று தெலுங்கில் பாதியும் தமிழில் பாதியுமாகச் சொல்லி அனுப்பினார். அப்புறம் ஒரு மாதம் இருவருக்கும் பேச்சு இல்லை.

இத்தனை பாடுபட்டுச் சேர்த்த கரண்டை அவர் ஒரு பல்புக்குக்கூடக் கொடுக்க மாட்டார் என்பதுதான் விசேஷம். கரண்டு போனால் நிரம்பிய பேட்டரிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொள்வார். யாருக்காகச் சேர்க்கிறீர்கள் என்று கேட்டால், வேண்டிய நாள் ஒன்று வரும் என்பார்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துப் பையன்கள் கூட்டம் கூட்டமாகக் குவைத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். லீவில் வருபவனிடம் ஊரே சம்பளத்தைக் கேட்கும். மேஸ்திரி மட்டும் அங்கே வெயில் எத்தனை மணிக்கு ஏறுகிறது, எத்தனை மணிக்கு இறங்குகிறது, அதை என்ன செய்கிறார்கள் என்று கேட்பார். வெதுருகுப்பத்துப் பையன் ஒருவன், “அந்த வெயில்ல நிக்கறதுக்குத்தான் மேஸ்திரி எங்களுக்குச் சம்பளமே” என்றான். மேஸ்திரி இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் கரண்டுக் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. மூன்றாம் நாள் காலை பூத்துக்கு ஒரு போன் வந்தது. குவைத்தில் ஒரு கட்டடத்தில் சாரம் சரிந்துவிட்டது, நம் பையன்கள் பலர் அங்கேதான் வேலை செய்கிறார்கள் என்று சொல்லும்போதே லைன் அறுந்தது. கமலம்மாவின் ஒரே மகன் முனிரத்தினமும் அங்கேதான் இருந்தான். மதியத்துக்குள் கார்வேட்டிநகரத்திலிருந்தும் வெதுருகுப்பத்திலிருந்தும் ஜனங்கள் நனைந்துகொண்டே வந்து பூத் வாசலில் நின்றார்கள். மறுபடி ஒரு போன். பிழைத்தவர்கள் பெயரை எழுதி ஃபேக்ஸில் அனுப்புகிறோம் என்றார்கள்.

போனுக்கு உயிர் இருந்தது. எக்ஸ்சேஞ்சில் அதற்கென்று பேட்டரி வைத்திருப்பார்கள் என்று மேஸ்திரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். பூத்திலிருந்த ஃபேக்ஸ் மெஷினுக்குத்தான் கரண்டு வேண்டும்.

கமலம்மா எழுந்து மேஸ்திரியின் கடையைப் பார்த்தார். அவர் வாய் திறப்பதற்கு முன்பே மேஸ்திரி ஒரு பேட்டரியைத் தோளில் தூக்கி வந்துகொண்டிருந்தார். இரண்டாவதை நான் தூக்கினேன். அவரே செய்த இன்வெர்ட்டர் ஒன்று இருந்தது. குளவிபோல ரீங்காரமிடும். பாதிக் கரண்டை அதுவே குடித்துவிடும். அதனால் மணி அடித்தால் மட்டும் மெஷினைப் போடுவது என்று சுவிட்சில் கைவைத்தபடி நின்றார். முதல் மணி அடித்தது. நகரியிலிருந்து யாரோ ராங் நம்பரில் லுங்கி விலை கேட்டார்கள். அந்த ஆளை அன்று கமலம்மா தெலுங்கில் என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது.

அடுத்த மணி அடித்ததும் காகிதம் நகர்ந்தது. இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால், வரிகள் வர வர உரக்கப் படித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் ஒரு குடும்பம் அப்படியே தரையில் உட்கார்ந்தது. பதினோரு பெயர் வந்தது. குளவிச் சத்தம் மெலிந்து நின்றுபோயிற்று. மூன்று நாளாக வெயில் இல்லை. பேட்டரிகளும் பழசு.

கமலம்மா காகிதத்தை மடியில் வைத்து நீவிவிட்டார்.

“மேஸ்திரி, எம் பையன் பேர் இன்னும் வரல.”

அவர் சுவிட்சிலிருந்து கையை எடுத்தார். தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு மழையில் ஓடினார். கடப்பா ரோட்டின் நடுவில் இரண்டு கையையும் விரித்து நின்று, வந்த முதல் லாரியை நிறுத்தினார். டிரைவர் அவருடைய வாடிக்கைக்காரர்தான். லாரி பின்னுக்கு வந்து பூத் வாசலை அடைத்து நின்றது. அதன் பேட்டரி ஒன்றிலிருந்து ஒயர் உள்ளே வந்தது. மறுபடி அனுப்பச் சொல்ல, குவைத்துக்கு லைன் கிடைக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. லாரி அதுவரை எஞ்சினை நிறுத்தாமல் உறுமிக்கொண்டிருந்தது.

பதினான்காவது பெயர் முனிரத்தினம். பக்கத்தில் கால் முறிவு, ஆஸ்பத்திரி என்று இருந்தது. நான் அதைச் சொன்னதும் கமலம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஜனங்கள் தேடி வந்த பெயர் ஒன்றுகூட அந்தக் காகிதத்தில் விடுபடவில்லை.

ஊரே மேஸ்திரியைக் கொண்டாடியது. அவர் மட்டும் கடைக்குள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“வெயிலு பதினோரு பேரத்தான் கொண்டாந்துது சார். மீதிய டீசல்தான் கொண்டாந்துது. வெயில் மேல தப்பு இல்ல. புட்ச்சி வெக்கிறதுக்கு நம்மகிட்ட எடம் பத்தல.”

அதன்பிறகு கடைச் சுவர் முழுக்கச் சாக்பீஸ் கணக்குதான். ஒரு வீட்டுக்கு எத்தனை பேட்டரி, ஒரு தெருவுக்கு எத்தனை, ரேணிகுண்டாவுக்கு எத்தனை. “தேசத்துக்கே எவ்ளோ வேணும் சார்?” என்று ஒருநாள் கேட்டார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

எனக்குச் சென்னையில் வேலை கிடைத்துக் கிளம்பியபோது, பேட்டரியைப் பற்றியும் சோலாரைப் பற்றியும் அங்கே யார் எது எழுதினாலும் எழுதி அனுப்பும்படி கேட்டுக்கொண்டார். அவருக்குத் தமிழ் பேச மட்டும்தான் வரும். பள்ளியில் படித்தது தெலுங்கு. எனக்குத் தெலுங்கு எழுத்து தெரியுமே தவிர, கடிதம் எழுதும் அளவுக்குப் பாஷை வராது. அதனால் தமிழையே தெலுங்கு எழுத்தில் எழுதி அனுப்பினேன். பல வருஷம் அனுப்பினேன். செய்தி எப்படியிருந்தாலும், எழுத்துப் பிழைகளைத் தவறாமல் திருத்திப் பதில் போடுவார்.

இப்போது பத்திரிகையில் கிராமம் கிராமமாகச் சோலார் பலகைகள் என்றும், வீடு அளவில் பேட்டரிகள் என்றும், மாலைக்குப் பிறகும் பகல் கரண்டு என்றும் படிக்கிறேன். படித்து முடிப்பதற்குள் என் கை தானாகப் பேனாவை எடுத்து, ‘மேஸ்திரிக்கு’ என்று தெலுங்கு எழுத்தில் எழுதிவிடுகிறது. அவர் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வருகிறது.