பன்னிரண்டு மணி நேரக் குத்தகை

மதிப்பும் பாசமும் உள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும், வீட்டிலுள்ள இரண்டு கைபேசிகளும், டிவியும், பிரிண்டரும் நலம். அங்கு நீங்களும் பெரியவளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வெள்ளிக்கிழமை காலை உங்களுக்குப் பதினான்கு தடவை போன் செய்ததன் காரணத்தை விளக்கவே இக்கடிதம். நீங்கள் விமானத்தில் இருந்தீர்கள் என்று பிறகுதான் தெரிந்தது. வருத்தமில்லை.

முதலில் நன்றி. நீங்கள் அனுப்பிய உள்ளங்கை அளவு லினக்ஸ் கணினிப் பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. பிரிண்டர் தினமும் வேறு எண்ணுக்குக் குடிபோய் ஒளிந்துகொள்கிறது என்று நான் புலம்பியபோது, "மாமா, டிஎன்எஸ்மாஸ்க்னு ஒரு சின்ன சர்வர் இருக்கு. வீட்டுக்குள்ள வர்ற ஒவ்வொரு கருவிக்கும் அதுவே ஒரு முகவரி கொடுக்கும். பேரைச் சொன்னா எந்த முகவரின்னும் சொல்லும். நீங்களே போட்டுடலாம்" என்றீர்களே, அந்தக் கடைசி வாக்கியத்தை நீங்கள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நீங்கள் எழுதி அனுப்பியபடியே ரௌட்டர் முகவரி கொடுப்பதை நிறுத்திவிட்டு, பெட்டியில் அமைப்புக் கோப்பைத் திறந்தேன். ஐம்பதாம் எண்ணிலிருந்து நூற்றைம்பது வரை கொடுக்கலாம், கொடுத்த முகவரி ஒரு கருவியிடம் இருக்கும் காலம், அதாவது குத்தகை, பன்னிரண்டு மணி நேரம் என்று குறிப்பிட்டிருந்தீர்கள். மாப்பிள்ளை, முப்பத்தொரு வருஷம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்து எழுந்தவன் நான். பன்னிரண்டு மணி நேரக் குத்தகையை யாராவது என் மேஜைக்குக் கொண்டுவந்திருந்தால் ஆளை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். காலையில் குடியேறியவனை ராத்திரி காலி பண்ணச் சொல்வது என்ன நியாயம்? ஆகவே அதை அழித்துவிட்டு, காலவரையறை இல்லை என்று பொருள்படும் சொல்லைப் போட்டேன். மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. நூற்றொரு முகவரிகள் என்பதும் ஊதாரித்தனமாகப் பட்டதால், நம் கருவிகள் நான்கு, உபரி இரண்டு என்று கணக்குப் போட்டு, ஐம்பது முதல் ஐம்பத்தைந்து வரை என்று சுருக்கினேன். கோப்பைச் சோதித்துப் பார்த்ததில் 'எழுத்தில் பிழை இல்லை' என்றது. நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் அமோகமாக ஓடியது. பிரிண்டர் கூப்பிட்ட குரலுக்கு வந்தது. குழாய் ஒழுகலைப் பார்க்க வந்த பிளம்பர் வைஃபை கேட்டார், கொடுத்தேன். ஃபிரிட்ஜ் மெக்கானிக் கேட்டார், அவருக்கும் கொடுத்தேன். குத்தகைப் பேரேட்டில் இருவருடைய போன் பெயரும் ஏறியதை நானே திறந்து பார்த்து, பழைய நாற்காலியில் மறுபடி உட்கார்ந்த மாதிரி பூரித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை சின்னவள் ஊரிலிருந்து வந்து இறங்கினாள். பதினொரு மணிக்கு மருந்து ஆய்வகம் ஒன்றின் வேலைக்கு வீடியோவில் நேர்காணல். எட்டு மாதமாகக் காத்திருந்த வேலை. விடுதியில் ஒரே கூச்சல், நம் வீடுதான் அமைதி என்று வந்திருந்தாள். பத்து முப்பத்தைந்துக்கு லேப்டாப்பைத் திறந்தாள். இணையம் வரவில்லை. முகவரி கிடைக்காத அந்த லேப்டாப், பத்திரமில்லாத நிலத்தில் குடிசை போட்டதைப் போலத் தானாகவே ஏதோ ஒரு எண்ணை வைத்துக்கொண்டு நின்றது. பெட்டியில் பார்த்தால், 'கொடுக்க முகவரி இல்லை' என்று வரி வரியாக எழுதியிருக்கிறது. ஆறும் நிரம்பிவிட்டது! டிவியை அணைத்துப் பார்த்தேன். காலவரையற்ற குத்தகைக்காரன் விளக்கை அணைத்தால் வீடு காலியாகிவிடுமா? "அப்பா, இன்னும் இருபது நிமிஷம்தான் இருக்கு" என்றாள் சின்னவள்.

நம் வீட்டில் கைபேசி சிக்னல் குளியலறை ஜன்னலோரம் மட்டும்தான் எட்டிப் பார்க்கும். அங்கே நின்றுதான் உங்களைப் பதினான்கு தடவை அழைத்தேன். நீங்கள் கிடைக்கவில்லை. பிளம்பரின் பெயரைப் பேரேட்டிலிருந்து அடித்துவிடலாம்தான்; ஆனால் குத்தகைதாரருக்கு அறிவிப்பு கொடுக்காமல் நான் ஒரு பதிவையும் ரத்து செய்ததில்லை. எனவே பிளம்பரை அழைத்தேன்.

"ஐயா, குழாய் திரும்ப ஒழுகுதா?"

"குழாய் இல்லப்பா. உன் குத்தகையை ரத்து பண்ணலாமான்னு கேக்கத்தான். ஐம்பத்து மூணாம் நம்பர் உன் பேர்ல இருக்கு."

"என் பேர்லயா? நான் எதுலயும் கையெழுத்துப் போடலையே ஐயா!"

விளக்கினேன். ஆறு முகவரி, ஆறும் நிரம்பிவிட்டது, ஏழாவதாக மகள் வாசலில் நிற்கிறாள் என்று.

"தொட்டி சின்னதா இருந்தா பெரிய தொட்டியா வைங்க ஐயா. அதுக்கு என்னை எதுக்கு வெளியேத்துறீங்க?"

மாப்பிள்ளை, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஓடிப்போய் ஐம்பத்தைந்தை நூற்றைம்பத்தைந்தாக்கினேன், குத்தகையை நீங்கள் சொன்னபடி பன்னிரண்டு மணி நேரமாக்கினேன், சர்வரை நிறுத்தி எழுப்பினேன். மணி பத்து ஐம்பத்தாறு. "வந்துடுச்சு, வந்துடுச்சு!" என்று கூவிக்கொண்டு நான் சின்னவளின் அறைக்கு ஓடினால், கதவு சாத்தியிருக்கிறது. உங்கள் அத்தை வாசலில் நின்று, விரலை உதட்டில் வைத்து, "உஷ்... ஆரம்பிச்சாச்சு" என்றாள். உள்ளே சத்தமே இல்லை. அடக்கமாகப் பதில் சொல்கிறாள் என்று பெருமைப்பட்டேன். பிறகு அத்தை என்னைப் பால் வாங்க அனுப்பிவிட்டாள். திரும்பி வந்தால் சின்னவள் கூடத்தில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். திங்களன்று வேலை உறுதி என்று கடிதம் வந்துவிட்டது! படித்தது அவள்தான், ஆனால் அவளுக்கு வழி திறந்துவிட்டது நானும் பிளம்பரும்.

இனி உங்கள் அமைப்புக் கோப்பில் ஒரு புள்ளியைக்கூட மாற்றமாட்டேன். நீங்களும் பெரியவளும் நீண்ட ஆயுளோடு இருங்கள். நீங்கள் எழுப்பும் சர்வர்களெல்லாம் முதல் தடவையிலேயே எழுந்து நிற்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பி.கு.: இதைப் படித்துக் காட்டியபோது சின்னவள் நெளிந்தாள். பிறகு ஒப்புக்கொண்டாள். நான் பிளம்பரோடு பேசிக்கொண்டிருந்தபோதே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மேல்வீட்டு டைப்பிஸ்ட் அம்மாவிடம் போய்விட்டாளாம். நேர்காணல் முழுவதும் நடந்தது அங்கேதான், அவர்கள் வைஃபையில். "அப்ப காலி அறைக்கா காவல் நின்னே?" என்று உங்கள் அத்தையைக் கேட்டேன். "அவ்வளவு சந்தோஷமா ஓடி வந்தீங்க, எப்படிச் சொல்றது?" என்றாள்.