சகலமானவர் வாசலில் நிற்கிறார்

தஞ்சாவூர் ஜில்லாவிலேயே, தான் சொன்னது ஜனங்களின் காதில் விழுந்ததா என்று நின்று விசாரித்த ஒரே அரசாங்க ஊழியர் எங்கள் சகலமானவர்தான். மந்திரிகள் மைக்கில் முழங்கிவிட்டுக் காரில் ஏறிவிடுவார்கள். கலெக்டர் ஜீப்பிலிருந்து பாதி இறங்கி, பாதி பேசி, மறுபடி ஏறிவிடுவார். சகலமானவர் மட்டும் உங்கள் வாசலில் நிற்பார். நீங்கள் "கேட்டாச்சு" என்று வாயைத் திறந்து சொல்லும்வரை நிற்பார். குளித்துக்கொண்டிருந்தால் குளித்து முடிக்கும்வரை நிற்பார்.

எழுபதுகளின் தொடக்கத்தில், திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு டவுன் பஞ்சாயத்து ஆபீசில் நான் குமாஸ்தா. ஊருக்கான அறிவிப்புகளை எழுதுவது என் வேலை. அதைத் தெருத் தெருவாகச் சொல்வது அவர் வேலை. ஒரு ஓட்டை சைக்கிள், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் ஒரு தகரக் குழல், இவ்வளவுதான் சொத்து. "இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால்" என்று தினமும் ஆரம்பித்து ஆரம்பித்து, அவர் சொந்தப் பெயரை ஊர் மறந்துவிட்டது. சம்பளப் பட்டியலில் பார்த்தால் ஒழிய எனக்கே ஞாபகம் வராது.

வெறும் "கேட்டாச்சு"வையும் அவ்வளவு சுலபத்தில் நம்பமாட்டார். கடைத்தெருவில் ஜவுளிக்கடை பாய் ஒருநாள் துணியை அளந்துகொண்டே, தலை நிமிராமல் சொல்லிப் பார்த்தார்.

"கேட்டாச்சு, கேட்டாச்சு."

"என்ன கேட்டாச்சு பாய்?"

"தண்ணி வராது."

"எப்ப வராது?"

"செவ்வாக்கிழமை."

"ஏன் வராது?"

பாய் கஜக்கோலைக் கீழே வைத்தார். "யோவ், நான் என்ன பரீட்சையா எழுதுறேன்?"

"பைப்பு உடைஞ்சிருக்கு பாய். அதையும் சேத்துச் சொல்லுங்க, போயிடுறேன்."

பாய் சேர்த்துச் சொன்னார். பிறகுதான் துணி வாங்க வந்த அம்மாளின் பக்கம் குழல் திரும்பியது.

இப்படி வீட்டுக்கு வீடு பரீட்சை வைத்தால் என்ன ஆகும்? செவ்வாய்க்கிழமை தண்ணீர் வராது என்ற சேதி, ஊரின் கடைசியில் இருந்த வாய்க்கால் தெருவுக்கு வியாழக்கிழமைதான் போய்ச் சேர்ந்தது. அங்கே நாற்பது குடிசைகள். எல்லாம் பெரிய பண்ணையின் வயலில் வேலை செய்கிறவர்கள். இருந்த ஒரே தெருக்குழாயின் பக்கத்தில் நின்று அஞ்சலை என்கிற பெண் கேட்டாளாம்: "போன செவ்வாயா, வர்ற செவ்வாயா?" அன்று மனுஷன் முகம் விழுந்துவிட்டது. ஆபீசுக்கு வந்து என் மேஜை முன்னால் நின்றார்.

"சார், இனிமே நான் வாய்க்கால் தெருவுலேருந்துதான் ஆரம்பிப்பேன். ஆத்துத் தண்ணியும் அவங்களுக்குக் கடைசில வருது, குழாய்த் தண்ணியும் கடைசில வருது. சேதியாச்சும் மொதல்ல போவட்டும்."

விளைவு? மேலவீதி வக்கீல்களுக்குச் சேதி கடைசியில் போனது. அவர்கள் மனு எழுதிப் போட, மெமோ எனக்கு வந்தது. இப்படி அவரால் நான் வாங்கிய மெமோக்களை ஒட்டினால் ஆபீஸ் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவே வேண்டாம்.

வெறிநாய் விவகாரம் இன்னும் விசேஷம். வெறிநாய் ஒன்று திரிகிறது, ஜாக்கிரதை, கடிபட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு வரவும் என்று எழுதிக் கொடுத்தேன். வடக்குவீதியில் காது அறவே கேட்காத ஒரு தபால்காரர், ரிட்டயர் ஆனவர். அவரும் சகலமானவர்களில் சேர்த்தி ஆயிற்றே! இவர் குழலைக் கீழே வைத்துவிட்டு நாலு காலில் நின்றார், நாக்கைத் தொங்கப் போட்டார், உறுமினார், தன் கெண்டைக்காலைத் தானே கடிக்கப் பார்த்தார். எதிர்வீட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த நிமிஷம் நாலு பேர் அவரைக் கயிற்றுக் கட்டிலோடு கட்டி ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டார்கள். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி! கம்பவுண்டர் முதல் ஊசியை ஓங்கிவிட்டார். கட்டிலில் கிடந்தபடியே இவர் அறிவிப்பை முழுசாக ஒப்பித்து, "கம்பவுண்டர் சார், உங்களுக்குக் கேட்டாச்சா?" என்றார். கம்பவுண்டர் ஊசியைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர், சாயங்காலம்வரை சிரித்தார்.

அந்தச் சமயத்தில்தான் அந்தச் சட்டம் வந்தது. பண்ணை நிலத்தில் குடிசை போட்டு இருக்கிற விவசாயக் கூலிகளுக்கு அந்தக் குடியிருப்பு மனை அவர்களுக்கே சொந்தம். வயலில் செங்கொடிகள் ஏறிக்கொண்டும், கூலித் தகராறுகள் நடந்துகொண்டும், போலீஸ் லாரி போய்வந்துகொண்டும் இருந்த காலம். முந்தின வருஷம் கூலி அதிகம் கேட்டாள் என்பதற்காக அஞ்சலையின் குடிசையைப் பண்ணை ஆட்கள் பிரித்துப் போட்டிருந்தார்கள். "என் எடத்துல குந்திக்கிட்டு எங்கிட்டயே நியாயம் கேக்குறியா?" என்பதுதான் பண்ணையின் பேச்சு. மனை அவள் பெயருக்கு வந்துவிட்டால் அந்தப் பேச்சு செல்லாது.

எங்கள் ஊருக்குத் தாசில்தார் முகாம் என்று தகவல் வந்தது. குடியிருப்பவர் நேரில் வந்து பெயர் பதிய வேண்டும், சாயங்காலம் ஐந்து மணியோடு சரி. வராவிட்டால், ஆளே குடியில்லாத இடம் என்று பண்ணை எழுதிக் கொடுத்துவிடும். அந்தக் காகிதம் நிர்வாக அதிகாரியின் மேஜையில் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் நாலு நாள் தூங்கியது. முகாமுக்கு முந்தின நாள் பண்ணையின் காரியக்காரர் அதிகாரியின் அறைக்கு வந்து காப்பி சாப்பிட்டுப் போனார். முகாம் அன்று காலை பத்து மணிக்குக் காகிதம் என் கைக்கு வந்தது.

"நாலு வீதியில சொன்னாப் போதும். வாய்க்கால் தெரு ஒரே சேறு, அங்கல்லாம் போவ வேணாம்" என்றார் அதிகாரி.

நாலு வீதியில் இருந்தவர்கள் எல்லாரும் மாடி வீட்டுக்காரர்கள்! எனக்கு விஷயம் புரிந்தது. புரிந்தும் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை, பயம். சகலமானவரிடம் காகிதத்தை நீட்டி, "நாலு வீதி மட்டும் போதுமாம் அண்ணே" என்றேன், அவர் முகத்தைப் பார்க்காமல்.

அவர் நிதானமாகப் படித்தார். "சரிங்க சார். அப்ப மேல ‘சகலமானவர்களுக்கும்’னு போட்டிருக்கீங்களே, அதை அடிச்சிட்டு ‘நாலு வீதிக்காரர்களுக்கு மட்டும்’னு எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அப்படியே சொல்லிட்டு வந்துடுறேன்."

பேனாவைக் கையில் எடுத்தேன். எடுத்தேனே தவிர எழுத முடியவில்லை. அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், சைக்கிளை வாய்க்கால் தெருப்பக்கம் திருப்பினார்.

அங்கே ஒரு குஞ்சு குருமான் இல்லை. மூன்று மைல் தள்ளி இருந்த பண்ணையின் தூரத்து வயலில் அன்றைக்கென்று நடவு வைத்து, மத்தியானம் சோறும் உண்டு என்று ஆணும் பெண்ணுமாக எல்லாரையும் ஓட்டிக்கொண்டு போயிருந்தார்கள். பண்ணை சோறு போட்டதை அந்த ஊர் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. இதைத் தெரிந்துகொள்ளவே அவருக்கு அரை நாள் ஆகிவிட்டது. வழியில் சைக்கிள் பஞ்சர் வேறு. மிச்சத் தூரத்தைத் தள்ளிக்கொண்டே போனார்.

வயலில் நடந்ததை அஞ்சலை பின்னால் எனக்குச் சொன்னாள். வரப்பில் ஏறிக் குழலை வாயில் வைத்து அறிவிப்பை முழுசாகச் சொல்லியிருக்கிறார். காரியக்காரர் குடையோடு ஓடிவந்து, "நட்டு முடிச்சிட்டுக் கேட்டுக்குவாங்க, போய்யா!" என்றதற்கு, "நீங்களும் ‘கேட்டாச்சு’ சொல்லணுங்க" என்றாராம். பிறகு வழக்கப்படி ஒவ்வொரு ஆளாக விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"மூணாவது ஆளுகிட்ட வர்றப்பவே நான் கையில இருந்த நாத்துக் கட்டப் போட்டுட்டுக் கரையேறிட்டேன் சார். ‘அட சாமி, எங்களுக்கெல்லாம் கேட்டாச்சு! நீ ஓடிப்போயி அந்த ஆபீசரப் புடிச்சு வையி, நாங்க பின்னாடியே வர்றோம்’னு கத்துனேன்" என்றாள்.

இங்கே ஆபீசில் தாசில்தார் காலையிலிருந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். நாலரைக்கு ரிஜிஸ்டரை மூடினார். "ஒரு ஆள்கூட வரலையே. உங்க ஊர்ல எல்லாருக்கும் வீடு இருக்குது போல" என்று எழுந்து ஜீப்புக்கு நடந்தார். அப்போது சகலமானவர் வந்து சேர்ந்தார். யாருடையதோ இரவல் சைக்கிள், சட்டை பிழிந்தால் ஒரு குடம் தேறும்.

"ஐயா, ஜனங்க வந்துக்கிட்டிருக்காங்க. செத்த இருங்க."

அதிகாரி குறுக்கே விழுந்தார். "அவரு ஒரு மாதிரி சார். ஊர்ல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, போன மாசம் நாய் மாதிரி கொலைச்சாரு."

தாசில்தார் ஜீப்பில் கால் வைத்தார். சகலமானவர் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு ஜீப்புக்கு முன்னால் போய் நின்று குழலைத் தூக்கினார்.

"இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால்! தெப்பத் திருவிழாக் கூட்டத்தில் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளவும்! நகைநட்டு ஜாக்கிரதை! சனிக்கிழமை காலரா ஊசி போடப்படும்! தெருவில் பன்றி விடுகிறவர்கள் மீது நடவடிக்கை! ஐயாவுக்குக் கேட்டாச்சுங்களா?"

"என்னய்யா இது? எனக்கு எதுக்கு?"

"நீங்களும் இப்ப ஊர் எல்லைக்குள்ளதானுங்க இருக்கீங்க. ‘கேட்டாச்சு’ன்னு சொன்னா வழி விட்டுடுவேன்."

தாசில்தார் தலையில் அடித்துக்கொண்டார். "கேட்டாச்சுய்யா, கேட்டாச்சு!"

சகலமானவரின் குழல் தாழ்ந்தது. சொன்ன சொல் மாறாத மனுஷன், ஒதுங்கப் போகிறார். காலையில் எழுதாமல் வைத்த பேனா என் நெஞ்சில் குத்தியது. என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அண்ணே, எனக்குக் கேக்கலை!"

அதிகாரி என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். சகலமானவரின் முகத்தில் வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! மறுபடி தெப்பத் திருவிழாவிலிருந்து ஆரம்பித்தார். முடித்ததும் பியூன், "எனக்கும் சரியா கேக்கலை" என்றான். எதிர்ச்சாரிக் கடையிலிருந்து பாய், "இங்க ஒண்ணுமே கேக்கலைப்பா! பைப்பு விஷயம் என்னாச்சு?" என்றார். கோபமாக ஆரம்பித்த தாசில்தார் அதற்குள் சிரித்துவிட்டார். ஜீப்பிலிருந்து இறங்கி, "என்னதான் ஊருய்யா இது" என்று நாற்காலியைத் திரும்பப் போடச் சொன்னார்.

ஐந்து அடிக்கப் பத்து நிமிஷம். முட்டிவரை சேற்றோடு, இடுப்பில் செருகிய சேலையோடு, அஞ்சலை முதலில் படியேறினாள். பின்னால் தெருவே வந்தது. தாசில்தார் கொஞ்ச நேரம் அந்தக் கால்களையே பார்த்துவிட்டு ரிஜிஸ்டரைத் திறந்தார். விளக்கு வைக்கும் நேரம்வரை எழுதினார். கைநாட்டுகளில் பாதி மை, பாதி சேறு.

மறுநாள் எனக்கு மெமோ: காது கேட்கவில்லை என்று சொன்னதற்கு மருத்துவச் சான்று தருக. கம்பவுண்டர் சிரித்துக்கொண்டே டாக்டரிடம் வாங்கித் தந்தார். "செவி மந்தம்" என்று முத்திரையோடு எழுதியிருந்தது. என் வேலை போகவில்லை. அந்தச் சான்றிதழை டிராயரில் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

பல வருஷம் கழித்துச் சகலமானவர் ரிட்டயர் ஆனார். நாளை முதல் அறிவிப்புச் சொல்ல வேறு ஆள் வருவார் என்று நான்தான் எழுதினேன். அதையும் அவர்தான் சொல்ல வேண்டும் என்று பிடிவாதம். காலையில் வாய்க்கால் தெருவில் ஆரம்பித்தார். நாற்பதும் இப்போது சொந்த மனை. அஞ்சலை ஓட்டு வீடு கட்டி, சிமெண்டுத் தரை போட்டிருந்தாள்.

மத்தியானம் திரும்பி வந்தவர் என் முன்னால் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அஞ்சலைகிட்ட சொன்னேன் சார். கேக்கலைங்குது. அடுத்த வீட்டுல சொன்னேன், கேக்கலை. நாப்பது வீட்டுலயும் நாலு நாலு தரம் சொல்லிட்டேன், ஒருத்தருக்கும் கேக்கலையாம். கடைத்தெருவுல பாய் காதுல பஞ்ச வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு." குழலைக் கழற்றி என் மேஜைமேல் வைத்தார். "ஒருத்தராச்சும் ‘கேட்டாச்சு’ன்னு சொன்னாத்தானே நான் வீட்டுக்குப் போவ முடியும்? நீங்களாச்சும் சொல்லுங்க சார்."

நான் டிராயரைத் திறந்து, மஞ்சளாகிப்போன அந்தச் செவி மந்தம் சான்றிதழை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அறிவிப்பு எனக்கு இன்றுவரை கேட்கவில்லை.